ஜான்ஸ்கியின் அலகில் ஒரகடம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் போகும் சாலையில், ஒரகடம் சிப்காட்டுக்குள், மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் வாகனப் பரிசோதனை மையம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர். காரை வேகமாகக் கொண்டுவந்து தடுப்பில் மோதவிட்டு, உள்ளே உட்கார்த்தி வைத்த பொம்மைக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது அங்கு நடக்கும் வேலைகளில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்றும் அதே வளாகத்தில் நடக்கிறது. ஓடும் வண்டி எவ்வளவு ரேடியோ அலைகளைச் சிந்துகிறது என்று அளக்கிறார்கள். ஏட்டில் அதை மின்காந்த இணக்கச் சோதனை என்று எழுதலாம். வேலை பார்ப்பவர்களுக்கு அது ஈ.எம்.சி. டெஸ்ட்.

அந்தச் சோதனைக்கான அறையே தனி வகை. சுற்றிலும் உலோகத் தகடு அடைத்திருப்பதால் வெளியே பறக்கும் எஃப்.எம். ஒலிபரப்பும் செல்போன் சிக்னலும் உள்ளே நுழையாது. சுவரிலும் கூரையிலும் கூம்பு கூம்பாகப் பொருத்தியிருக்கும் கரி கலந்த நுரைப்பொருள், உள்ளே பிறக்கும் அலைகள் பட்டுத் திரும்பாதபடி விழுங்கிவிடும். நடுவில் இன்ஜின் ஓடும் வண்டி. சில மீட்டர் தள்ளி ஓர் ஆன்டெனா. 30 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 1,000 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் வண்டியின் இரைச்சல் எவ்வளவு என்று திரையில் கோடு ஏறி இறங்கும். வரம்புக் கோட்டை அது தாண்டினால் வண்டி தேறவில்லை என்று பொருள்.

பெட்ரோல் வண்டியில் முதல் சந்தேகம் ஸ்பார்க் பிளக்கின் மேல்தான் விழும். 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறிய மின்னழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு இடைவெளியைத் தாவுகிறது. அந்தத் தாவல் ஒரே ஓர் அதிர்வெண்ணில் நிற்காமல், சில மெகாஹெர்ட்ஸிலிருந்து பல நூறு மெகாஹெர்ட்ஸ் வரை பரந்து தெறிக்கும். 1887-ல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் முதன்முதலாக ரேடியோ அலைகளை உண்டாக்கியது இதே மாதிரித் தீப்பொறியால்தான். அதனால்தான் இன்றைய பிளக்குகளுக்குள் சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றைப் பொதித்து வைக்கிறார்கள். மின்னோட்டத்தின் திடீர்ப் பாய்ச்சலை அது மட்டுப்படுத்தும். எரிபொருள் வழக்கம்போல் பற்றும். ரேடியோ இரைச்சல் குறையும்.

விதி அனுமதிக்கும் வரம்பு உண்மையில் எவ்வளவு? பொறியாளர்கள் அதை டெசிபல் கணக்கில் எழுதுவார்கள். ரேடியோ வானியலாளர்களுக்கு வேறோர் அலகு உண்டு: ஜான்ஸ்கி. ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில், ஒரு வாட்டில் 10-இன் 26-ஆம் அடுக்கில் ஒரு பங்கு விழுந்தால் அது ஒரு ஜான்ஸ்கி. பத்து மீட்டர் தூரத்தில் ஒரு வண்டிக்கு அனுமதிக்கப்படும் இரைச்சலை இந்த அலகுக்கு மாற்றிப் பார்த்தால், பல நூறு கோடி ஜான்ஸ்கி வருகிறது. சோதனையில் தேறி, சான்றிதழ் வாங்கிய வண்டியின் கணக்கு இது.

வண்டி உற்பத்தியாளர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வாகன இரைச்சலுக்கான பன்னாட்டு அளவீட்டு முறைகளை வகுக்கும் சிஸ்பர் என்ற குழு 1934-ல் தொடங்கப்பட்டது. வீடுகளில் இருக்கும் வானொலிப் பெட்டி கரகரக்காமல் பாட வேண்டும் என்பதே அப்போதைய கவலை. அதற்கு ஓராண்டு முன்புதான், 1933-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வகப் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி தன் முடிவை வெளியிட்டிருந்தார். அட்லாண்டிக் கடல் தாண்டிய ரேடியோத் தொலைபேசியில் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை நிறுவனம் அவருக்குக் கொடுத்திருந்தது. சுழலும் ஆன்டெனா ஒன்றை 20.5 மெகாஹெர்ட்ஸில் வைத்து அவர் கேட்டார். இடிமின்னல் ஒரு காரணம் என்று தெரிந்தது. மீதமிருந்த ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பாமல், 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வந்தது. அது விண்மீன்கள் சுற்றிவரும் காலம். இரைச்சல் பால்வெளியின் மையத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ரேடியோ வானியல் பிறந்ததே ஒரு ஈ.எம்.சி. வேலையில்தான் என்று சொன்னால் மிகையில்லை. ஒரகடத்து அறையில் ஆன்டெனாவைத் திருப்புகிறவரும் தொலைநோக்கியைத் திருப்புகிறவரும் ஒரே தொழிலின் இரு கிளைகள்.

ஜான்ஸ்கி என்பது எவ்வளவு சிறிய அலகு என்று உணர இன்னொரு கணக்கு உதவும். ஒரு வாட் ஆற்றலை 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அனுப்பும் பழைய ஜி.எஸ்.எம். செல்போன் ஒன்றை நிலாவில் வைத்துப் பேசினால், பூமியில் அது ஏறத்தாழ 270 ஜான்ஸ்கி அளவுக்குக் கேட்கும். சூரியனையும் ஒருசில மூலங்களையும் தவிர்த்தால், அந்த அதிர்வெண்ணில் வானத்திலேயே பிரகாசமான பொருள் அந்தச் செல்போனாகத்தான் இருக்கும். இன்றைய கணக்கெடுப்புகள் தேடும் தொலைதூர விண்மீன் மண்டலங்களோ 10 மைக்ரோஜான்ஸ்கி அளவுக்கு இறங்கிவிட்டன. நிலாவில் வைத்த செல்போனைவிட 2 கோடியே 70 லட்சம் மடங்கு மங்கல்.

இந்த மங்கலான புள்ளிகளை எண்ணும் வேலையில் தமிழ்நாட்டுக்கு ஐம்பது ஆண்டுக்கும் மேலான பங்கு உண்டு. 1963-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப், மலைச்சரிவு ஒன்றைத் தேடி தென்னிந்தியாவைச் சுற்றினார். வடக்கு தெற்காக, கிட்டத்தட்ட 11 பாகை சாய்ந்த சரிவு வேண்டும். அந்தச் சாய்வு இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருந்தால், சரிவில் படுக்க வைக்கும் நீண்ட தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு ஒரே ஒரு அச்சில் மெல்லத் திருப்பினால் போதும். ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் அந்தச் சரிவு கிடைத்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின்மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், குவியக் கோட்டில் 1,056 இருமுனை ஆன்டெனாக்கள். 1970-ல் வேலை முடிந்தது. வெளிநாட்டிலிருந்து தொலைநோக்கி வாங்கும் வசதி இல்லாத காலத்தில், பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதையே ஒரு வசதியாக மாற்றிக்கொண்ட வடிவமைப்பு அது. இந்திய அறிவியல் கட்டுமானங்களில் இவ்வளவு புத்திசாலித்தனமான ஒன்றைச் சுட்டுவது கடினம்.

ஊட்டித் தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். தனியாக அதன் கூர்மை போதாது. ஒரு ரேடியோ மூலம் புள்ளியா, நீண்டு கிடக்கிறதா என்று சொல்ல முடியாது. அதற்கு ஸ்வரூப் நிலாவைத் துணைக்கு அழைத்தார். நிலா தன் பாதையில் போகும்போது பின்னாலிருக்கும் ரேடியோ மூலங்களை ஒவ்வொன்றாக மறைக்கும். சிக்னல் சட்டென்று அறுந்தால் மூலம் சிறியது; படிப்படியாகத் தேய்ந்தால் பெரியது. நிலாவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியும் என்பதால் மூலத்தின் இடமும் கிடைத்துவிடும். 1962-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டும் அவருடைய குழுவினரும் இந்த முறையில்தான் 3சி 273 என்ற மூலத்தின் இடத்தைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு மார்ட்டன் ஷ்மிட் அதன் ஒளியை ஆராய்ந்து, அது மிகத் தொலைவிலுள்ள குவாசார் என்று காட்டினார்.

ஊட்டியில் ஏறத்தாழ 1,000 மூலங்களின் அளவை இப்படி எடுத்தார்கள். 1975-ல் ஸ்வரூபும் விஜய் கபாஹியும் அந்தத் தரவிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மங்கலாகத் தெரியும் மூலங்கள் சராசரியாகச் சிறியனவாகவும் இருந்தன. மங்கல் என்றால் தொலைவு, தொலைவு என்றால் பழைய காலம். அந்தப் போக்கை விளக்க வேண்டுமானால், பழைய பிரபஞ்சத்தின் ரேடியோ மண்டலங்கள் இன்றுள்ளவற்றிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். பிரபஞ்சம் எக்காலத்திலும் ஒரே மாதிரி என்று சொன்ன நிலைத்த நிலைக் கொள்கைக்கு அது இன்னோர் அடி. பெருவெடிப்புக்கு இன்னொரு சான்று. நீலகிரியின் உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவில் கிடைத்த முடிவு, அண்டவியலின் பெரிய வழக்கொன்றில் சாட்சியாகப் போய் நின்றது.

மங்கலான மூலங்களை எண்ணுவதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. 1955-ல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைலின் குழு 81 மெகாஹெர்ட்ஸில் எடுத்த கணக்கெடுப்பை வெளியிட்டது: 1,936 மூலங்கள். சிட்னியில் பெர்னார்ட் மில்ஸ் அதே வானத்தைக் கூர்மையான கருவியால் பார்த்தபோது பட்டியலின் பெரும்பகுதி ஒத்துவரவில்லை. தூரத்தில் வரும் லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் ஒரே வெளிச்சமாகத் தெரிவதுபோல, கேம்பிரிட்ஜ் கருவியின் அகன்ற பார்வையில் பல மங்கல் மூலங்கள் கலந்து, இல்லாத ஒரு மூலமாகத் தெரிந்திருக்கின்றன. கருவியின் உணர்திறனைக் கூட்டினால் மட்டும் போதாது. கூர்மையும் கூட வேண்டும் என்று அந்தத் துறை கற்றது அப்போதுதான். நீண்ட அலைகளுக்குக் கூர்மை வேண்டுமானால் தொலைநோக்கி பல கிலோமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படி ஒரே தட்டைக் கட்ட முடியாது. சிறிய தட்டுகள் பலவற்றைத் தூரம் தூரமாக வைத்து, அவற்றின் சிக்னல்களை இணை இணையாகப் பெருக்கிப் படம் உருவாக்க வேண்டும்.

ஸ்வரூபின் இரண்டாவது பெரிய தொலைநோக்கி அந்த வகை. புனேக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் பக்கத்திலுள்ள கோடத் கிராமத்தை மையமாக வைத்து 30 தட்டுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். 14 தட்டுகள் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள். மற்ற 16, மூன்று கைகளாக 25 கிலோமீட்டர் வரை விரிந்து கிடக்கின்றன. தகட்டுக்குப் பதில், கம்பிகளை இழுத்துக் கட்டி அவற்றின்மேல் மெல்லிய வலை. நீண்ட அலைகளுக்கு அந்த வலையே கண்ணாடிதான். காற்று ஊடுருவிப் போய்விடுவதால் தாங்கும் இரும்பும் குறைவு, செலவும் குறைவு. முப்பது தட்டுகளில் 435 இணைகள். 150 மெகாஹெர்ட்ஸில் இதன் கூர்மை 20 விகலைக்குப் பக்கம். 1,400 மெகாஹெர்ட்ஸில் இரண்டு விகலை. ஜி.எம்.ஆர்.டி. என்பது அதன் உலகறிந்த பெயர்.

2010 முதல் 2012 வரை இந்தத் தொலைநோக்கி 2,000 மணி நேரத்துக்கு மேல் செலவழித்து, 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தில் 90 விழுக்காட்டை வருடியது. டி.ஜி.எஸ்.எஸ். என்று அழைக்கப்படும் அந்தக் கணக்கெடுப்பின் கச்சாத் தரவு எல்லோருக்கும் திறந்திருந்தது. இரண்டு மீட்டர் நீள அலைகளுக்கு நம் வளிமண்டலத்தின் அயனி அடுக்கு அசைந்துகொண்டே இருக்கும் ஒரு தடை. படத்தைக் கலக்கி, மூலங்களை இடம் மாற்றிக் காட்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹியூப் இன்டெமா அந்தக் கலக்கத்தைத் திருத்தும் மென்பொருளை எழுதி, முழுத் தரவையும் மறுபடி சலித்தார். 2017-ல் அவர் தன் சகாக்களுடன் வெளியிட்ட பட்டியலில் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்கள் இருந்தன.

அந்தப் பட்டியல் தனியாக இருந்தால் வெறும் புள்ளிகளின் தொகுப்புதான். 1990-களில் அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கி 1,400 மெகாஹெர்ட்ஸில் எடுத்த கணக்கெடுப்பில் 18 லட்சம் மூலங்கள் உண்டு. 2018-ல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வானத்தின் 80 விழுக்காட்டுக்கு ஒவ்வொரு மூலத்துக்கும் புதிய எண் ஒன்று கிடைத்தது: அதிர்வெண் கூடும்போது பிரகாசம் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்ற எண். மங்கலான புள்ளியைப் பேச வைப்பது இந்தச் சரிவுதான்.

சரிவு ஏன் பேசுகிறது? ஒரு விண்மீன் மண்டலத்தின் மையத்தில் கோடிக்கணக்கான சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அருகிலிருந்து இரு பக்கமும் பீறிடும் தாரைகள், ஒளிவேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்களை வெளியே கொண்டு கொட்டுகின்றன. அவை காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழன்று ரேடியோ அலைகளை வீசுகின்றன. இத்தகைய மூலம் 1,400 மெகாஹெர்ட்ஸில் இருப்பதைவிட 150 மெகாஹெர்ட்ஸில் பொதுவாக ஐந்து மடங்கு பிரகாசம். இளம் விண்மீன்கள் சூடாக்கிய வாயுவின் வீச்சோ எல்லா அதிர்வெண்ணிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. தாழ்ந்த அதிர்வெண்ணில் பிரகாசம் கூடாமல் திரும்பி இறங்கினால், மூலம் மிக நெருக்கமாக அடைபட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது அண்மையில் பிறந்தது.

வயதையும் சரிவிலிருந்து எடுக்கலாம். அதிக ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் அந்த ஆற்றலை வேகமாகச் செலவழித்துவிடும். எனவே ஊட்டம் நின்றுபோன ஒரு பழைய ரேடியோ மண்டலம் முதலில் உயர்ந்த அதிர்வெண்களில் மங்கும். தாழ்ந்தவற்றில் நெடுங்காலம் தெரிந்துகொண்டிருக்கும். எந்த அதிர்வெண்ணில் சரிவு திடீரென்று செங்குத்தாகிறது என்று கண்டுபிடித்தால், எலக்ட்ரான்கள் புறப்பட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று கணக்கிடலாம். 2006-ல் சிரஞ்சீப் கோனார், தீரஜ் ஜ்யோதி சைக்கியா, போலந்து வானியலாளர்கள் ஆகியோர் ஜே1453+3308 என்ற மண்டலத்தை ஜி.எம்.ஆர்.டி.யிலும் வி.எல்.ஏ.யிலும், 240 மெகாஹெர்ட்ஸ் முதல் 8 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் வரை, பல அதிர்வெண்களில் அளந்தார்கள். அந்த மண்டலத்துக்கு, தாரைகள் கொட்டிய எலக்ட்ரான்கள் தேங்கி நிற்கும் மடல்கள் இரண்டு ஜோடி: வெளியே ஒரு பெரிய ஜோடி, உள்ளே ஒரு சிறிய ஜோடி. வெளி மடல்களின் வயது 5 கோடி ஆண்டு வாக்கில் வந்தது. உள் மடல்களுக்கு வெறும் 20 லட்சம் ஆண்டு. கருந்துளை ஒருமுறை தாரைகளை வீசி, நிறுத்தி, மறுபடியும் தொடங்கியிருக்கிறது. ஒரே அதிர்வெண்ணில் எடுத்த படத்தில் நான்கு மடல்கள் தெரியும். அவற்றுக்கு இடையிலுள்ள காலம் தெரியாது.

இன்னும் மங்கலுக்குப் போனால் கூட்டத்தின் முகமே மாறிவிடுகிறது. 1980-களில் கண்ட விஷயம் இது. ஒரு மில்லிஜான்ஸ்கிக்கு மேல் இருக்கும் மூலங்களில் பெரும்பாலானவை கருந்துளைத் தாரைகள் கொண்டவை. அதற்குக் கீழே இறங்கியதும் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. புதிதாக வந்து சேர்ந்தவற்றில் பெரும்பகுதி, நம் பால்வெளி மாதிரி விண்மீன்களைப் பெற்றெடுக்கும் சாதாரண மண்டலங்கள். அவற்றில் பெரிய விண்மீன்கள் சூப்பர்நோவாவாக வெடிக்கும்போது எலக்ட்ரான்கள் முடுக்கப்படுகின்றன. அவை தரும் மெல்லிய வீச்சுதான் நமக்கு வந்து சேர்கிறது. விண்மீன் பிறப்பு நடக்கும் இடங்கள் தூசு மண்டியவை. கண்ணால் காணும் ஒளியைத் தூசு தடுத்துவிடும், ரேடியோவைத் தடுக்காது. பிரபஞ்ச வரலாற்றில் எந்தக் காலத்தில் எத்தனை விண்மீன்கள் பிறந்தன என்று தூசின் குறுக்கீடின்றி எண்ண இது நல்ல வழி. ஆனால் ஒரு மைக்ரோஜான்ஸ்கிப் புள்ளி கருந்துளையா, விண்மீன் பண்ணையா என்று பிரித்தறிய ஓர் அதிர்வெண் போதாது. இரண்டும் சில வேளை போதாது.

மங்கலை எட்டும் வழி எளியது, செலவு மிக்கது. இரைச்சல் குறைய வேண்டுமானால் நேரத்தைக் கூட்டு, அல்லது ஒரே வேளையில் கேட்கும் அதிர்வெண் அகலத்தைக் கூட்டு. இரண்டிலும் பலன் வர்க்கமூலக் கணக்கில்தான். நான்கு மடங்கு உழைத்தால் இரண்டு மடங்கு ஆழம். ஜி.எம்.ஆர்.டி.யின் பழைய கருவிகள் ஒரே நேரத்தில் 32 மெகாஹெர்ட்ஸ் அகலம் கேட்டன. மேம்படுத்திய பிறகு அது 400 மெகாஹெர்ட்ஸ். இந்தூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அதை ஒரு வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். இ.எல்.ஏ.ஐ.எஸ்.-என்1 என்ற வான்துண்டை 400 மெகாஹெர்ட்ஸில் கூர்ந்து பார்த்து, 15 மைக்ரோஜான்ஸ்கி இரைச்சல் மட்டத்தை எட்டி, 2019-ல் 2,528 மூலங்களைப் பட்டியலிட்டார்கள். அந்தத் துண்டின் பரப்பு 1.8 சதுரப் பாகை. ஒன்பது முழுநிலவுகளை அடுக்கினால் நிரம்பிவிடும்.

மேம்படுத்திய கருவிகள் கேட்கும் பட்டைகள் நான்கு: 120 முதல் 250 மெகாஹெர்ட்ஸ், 250 முதல் 500, 550 முதல் 850, 1,050 முதல் 1,450. இந்த எண்களைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். 850-க்கும் 1,050-க்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் பட்டை அந்தப் பள்ளத்துக்குள்தான் வருகிறது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி தொடங்கியது. 2014-ல் அது மூடப்படும் வரை அங்கிருந்து போன கோடிக்கணக்கான போன்கள் பேசியது 900-லும் 1,800-லும். இன்று சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் தொகுக்கும் ஐபோன்கள் 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3,500-ஐத் தாண்டியும் பேசும். ஒவ்வொரு போனையும் இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, ஒதுக்கிய பட்டைக்கு வெளியே அது எதையும் சிந்தவில்லை என்று சரிபார்த்த பிறகே இத்தகைய ஆலைகள் வெளியே அனுப்பும். அந்தப் பரிசோதனை மேசையில் காட்டும் கண்டிப்பு, தொலைவில் ஒரு தொலைநோக்கிக்கு அருகே எத்தனை மெகாஹெர்ட்ஸ் சுத்தமாக இருக்கும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

வானியலுக்கென்று ஒதுக்கிய பட்டைகள் உண்டு, ஆனால் அவை ஒல்லியானவை. ஊட்டி கேட்கும் 326.5, பன்னாட்டு ஒதுக்கீட்டில் 322 முதல் 328.6 வரையுள்ள பட்டைக்குள் இருக்கிறது. ஹைட்ரஜனின் 1,420 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி 1,400 முதல் 1,427 வரை காவல். 150.05 முதல் 153 வரையுள்ள மூன்று மெகாஹெர்ட்ஸை இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ரேடியோ வானியலுக்கு முதன்மை உரிமையாகச் சேர்த்து வைத்திருக்கிறது பன்னாட்டு ரேடியோ விதிமுறையின் ஓர் அடிக்குறிப்பு. இவற்றுக்கு வெளியே கேட்பதெல்லாம் இடத்தின் அமைதியை நம்பித்தான். 400 மெகாஹெர்ட்ஸ் அகலம் கேட்க வேண்டிய தொலைநோக்கிக்கு மூன்று மெகாஹெர்ட்ஸ் காவல் என்பது மிகவும் சொற்பம்.

அதனால்தான் கோடத்தைச் சுற்றிய பகுதியில் தொழிற்சாலை தொடங்க, தொலைநோக்கி நிர்வாகத்திடம் தடையில்லாச் சான்று கேட்கிறார்கள். ஒரகடம் மாதிரி ஒரு தொழில் வட்டாரம் நாராயண்காவில் எழுந்திருந்தால் டி.ஜி.எஸ்.எஸ். பட்டியல் கிடையாது. அங்கும் அமைதி முழுமையானதில்லை. கிராமங்களுக்குப் போகும் உயர் அழுத்த மின்கம்பிகளில் தளர்ந்த இணைப்புகள் பொறிவிடும். 500 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அதுதான் பெரிய தொல்லை. அந்தத் துடிப்புகளை வந்த கணத்திலேயே இனம் கண்டு வெட்டியெறியும் மின்னணு வடிகட்டியைத் தொலைநோக்கிப் பொறியாளர்கள் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கிரீன் பேங்க் ஆய்வகம் இன்னும் நேரடியாகப் போகிறது. தொலைநோக்கிக்கு அருகே டீசல் வண்டிகளை மட்டும் விடுகிறார்கள், டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக.

இந்தியாவில் கேட்க முடியாத பட்டையை வேறு நாட்டில் போய்க் கேட்பதும் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கரூ பாலைநிலத்தில் நிற்கும் மீர்காட் தொலைநோக்கியின் ஒரு பட்டை 856-ல் தொடங்கி 1,712 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. நம் பள்ளம் அதில் அடங்கிவிடுகிறது. மீர்காட் ஆழமாகப் பார்த்த அதே வான்துண்டுகளை ஜி.எம்.ஆர்.டி.யின் 250-500, 550-850 பட்டைகளில் பார்க்கும் சூப்பர்மைட்டி என்ற கூட்டுக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. 250-லிருந்து 1,700 வரை ஒரே துண்டின் பதிவு கிடைத்தால், மைக்ரோஜான்ஸ்கி மூலங்களின் சரிவு எங்கே வளைகிறது என்று நேரடியாகப் பார்க்கலாம். ஒரு வகையில் இது மகிழ்ச்சி. இன்னொரு வகையில் எச்சரிக்கை: ஒரு பட்டையை இழப்பது, லட்சக்கணக்கான மூலங்களின் கணக்கேட்டில் ஒரு பத்தியையே இழப்பது. கரூவும் செயற்கைக்கோள்கள் சிந்தும் ரேடியோ அலைகளுக்குத் தப்பவில்லை. 2024 தொடக்கத்தில் எஸ்.கே.ஏ. என்னும் உலகளாவிய தொலைநோக்கித் திட்டத்துக்கு 1,250 கோடி ரூபாய் ஒதுக்க இந்தியா முடிவெடுத்தது. அந்தத் தொகையின் பலன் எவ்வளவு என்பது தொழிற்சாலை வாசலைத் தாண்டும் சாதனங்கள் எவ்வளவு அடக்கமாக நடந்துகொள்கின்றன என்பதையும் பொறுத்தது. ஈ.எம்.சி. சோதனையை ஏற்றுமதிக்கு வேண்டிய காகிதமாக மட்டும் பார்க்கும் பழக்கம் போக வேண்டும் என்று இந்தக் கட்டுரை உறுதியாக நினைக்கிறது.

ஏற்கெனவே கேட்டுப் பதிந்து வைத்ததில் இன்னும் பார்க்கப்படாதவை ஏராளம். 2019-ல் ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் தொலைநோக்கியின் படங்களில் மங்கலான ரேடியோ வளையங்கள் சில தட்டுப்பட்டன. எக்ஸ்-கதிரிலும் கண்காணும் ஒளியிலும் அகச்சிவப்பிலும் அந்த வளையங்கள் தெரியவில்லை. அவற்றுக்கு விந்தை ரேடியோ வட்டங்கள் என்று பெயர் வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட இன்டெமா ஜி.எம்.ஆர்.டி.யின் பழைய பதிவுகளைத் துழாவினார். 2013-ல் ஆபெல் 2142 என்ற மண்டலக் கொத்தைப் பார்க்க 325 மெகாஹெர்ட்ஸில் எடுத்த படத்தின் ஓரத்தில் அப்படி ஒரு வளையம் இருந்தது. ஏழு ஆண்டு அது அங்கேயே கிடந்திருக்கிறது. வளையங்களைப் பல அதிர்வெண்களில் அளந்தபோது சரிவு செங்குத்தாக வந்தது. காந்தப்புலத்தில் சுழலும் பழைய எலக்ட்ரான்கள்தான் மூலம் என்பது அதிலிருந்து தெரிந்தது. அவற்றை முடுக்கியது விண்மீன் மண்டலத்தின் நடுவே நடந்த பெரிய வெடிப்பா, இரு கருந்துளைகளின் இணைவா, அணைந்த மடல்களின் எச்சமா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

ஜி.எம்.ஆர்.டி. எடுக்கும் தரவு, கேட்டு வாங்கிய ஆய்வாளரிடம் 18 மாதம் மட்டுமே தனியாக இருக்கும். பிறகு இணையக் காப்பகத்தில் எவரும் எடுத்துக்கொள்ளலாம். 2013-ல் வானியலாளர் ஆனந்த ஹோதா தொடங்கிய ராட்@ஹோம் என்ற குடிமக்கள் அறிவியல் திட்டம், பி.எஸ்சி. அல்லது பி.ஈ. படித்த எவரையும் சேர்த்துக்கொண்டு, டி.ஜி.எஸ்.எஸ். படங்களை ஒளியியல், அகச்சிவப்புப் படங்களின்மேல் பொருத்திப் பார்க்கக் கற்றுத்தருகிறது. ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகு மடிக்கணினியில் செய்யக்கூடிய வேலைதான். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் வேறுபாடு காண நாள்தோறும் பழகிய கண் இருந்தால், அதில் பாதி ஏற்கெனவே தெரியும்.